காயிலிங்குக்குப் பிறகு மறு ஆஞ்சியோகிராம்: ஒரு சென்னை மருத்துவமனையின் சேவை எப்படி இருந்தது?

மூளை ரத்தநாள வீக்கத்துக்குக் காயில் என்ற உலோகச் சுருளை வைத்துச் சிகிச்சை (காயிலிங்) பெற்றவர்களை, சுமார் ஆறு மாதம் கழித்து மீண்டும் ஆஞ்சியோகிராம், அதாவது ரத்தநாளத்துக்குள் குழாய் விட்டு, சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே படம், எடுக்க வரச் சொல்வது வழக்கம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நியூரோ இன்டர்வென்ஷன் பிரிவில் (மூளை ரத்தநாளங்களுக்குக் குழாய்வழி சிகிச்சை தரும் பிரிவு) என் அக்காவுக்கு அண்மையில் அந்தப் பரிசோதனை நடந்தது. பரிசோதனையைச் செய்தவர்களின் திறமையிலும் பொறுமையிலும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் ஒப்புதல் படிவம், காப்பீடு, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பு, அறிக்கை ஆகிய சுற்று வேலைகள் அந்தத் திறமைக்கு ஈடாக இல்லை. குறைகளையும் எழுதுவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே நான் சொல்லும் விஷயங்களை எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைக்குப் போகிறவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அக்காவுக்கு வீக்கம் வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்த பிறகுதான் நோயே தெரியவந்தது. அப்போது நடந்த காயிலிங் சிகிச்சையின்போது அவர் முழு மயக்கத்தில் இருந்தார். பயப்படுவதற்கு அவகாசமே இல்லை. மறு ஆஞ்சியோ அப்படியல்ல. நன்றாக நடமாடிக்கொண்டு, சமைத்துக்கொண்டு, பேரனைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருக்கும் ஒருவரிடம், மறுபடியும் படுத்து மூளைக்குப் போகும் ரத்தநாளத்துக்குள் குழாய் விட அனுமதி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். பக்கவாதம் வந்துவிடுமோ, வைத்த காயில் நகர்ந்துவிடுமோ, சாயம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ என்று அவர் வாரக்கணக்கில் தூக்கம் இழந்தார். ஆகவே இந்தச் சேவையை மதிப்பிடும்போது நான் முதலில் பார்த்தது, அந்தப் பயத்துக்கு இந்த மருத்துவமனை என்ன பதில் வைத்திருந்தது என்பதைத்தான்.

புறநோயாளி பிரிவில் நடந்த சந்திப்பு இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. நாங்கள் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தோம். மருத்துவர் அந்தத் தாளை வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொன்னார். "நீங்க கேக்குறது எல்லாமே நியாயமான கேள்விதாம்மா. ரிஸ்க்கே இல்லைன்னு சொன்னா அது பொய்" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். ‘ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்’ என்று தோளில் தட்டி அனுப்பும் வழக்கத்துக்கு நடுவே, அந்த ஒரு வாக்கியமே அக்காவின் பதற்றத்தைப் பாதியாகக் குறைத்தது.

எதற்காக மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதை அவர் கணினியில் பழைய படத்தைத் திறந்து காட்டியே விளக்கினார். காயில் என்பது முடியை விட மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள். வீக்கத்தின் பைக்குள் அதை அடைத்து, ரத்தம் உள்ளே போகாமல் தடுப்பதே சிகிச்சை. அறுவை சிகிச்சையில் அந்தப் பையின் குறுகிய வாய்ப்பகுதியைக் கிளிப்பால் இறுக்கி மூடுவது போல இதில் வாய் முழுவதுமாக அடைபடுவதில்லை. ரத்த ஓட்டம் மோதிக்கொண்டே இருப்பதால் சுருள் நாளடைவில் உள்ளுக்குள் அமுங்கி, வாய்ப்பகுதியில் மறுபடியும் இடம் திறக்கக்கூடும். 2009இல் வெளியான, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீக்கங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், சுமார் 20 சதவீதம் மீண்டும் திறந்திருந்தன. சுமார் 10 சதவீதத்துக்கு மறுசிகிச்சை தேவைப்பட்டது. இப்படித் திறப்பதை நோயாளி உணர்வதில்லை என்பதுதான் சிக்கல். தலைவலியோ மயக்கமோ எதுவும் இல்லாமலேயே அது நடந்துவிடும். ஐந்தில் ஒன்று என்ற அந்த அளவைக் கேட்ட பிறகுதான், பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் ஓர் ஆபத்து என்பது அக்காவுக்குப் புரிந்தது.

பக்கவாதம் பற்றிய கேள்விக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம்தான் அதிகம். குழாயின் நுனியில் சிறு ரத்தக் கட்டியோ, சாயத்தோடு ஒரு காற்றுக் குமிழியோ மூளைக்குப் போய்விடுவதும், முதியவர்களுக்கு, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தநாளமான மகாதமனியின் வளைவில் படிந்திருக்கும் கொழுப்புத் துணுக்கு குழாய் உரசிப் பெயர்வதும்தான் பெரும்பாலான காரணங்கள் என்றார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1981 முதல் 2003 வரை செய்த 19,826 மூளை ஆஞ்சியோகிராம்களின் கணக்கை 2007இல் வெளியிட்டது. நிரந்தர ஊனம் தரும் பக்கவாதம் 0.14 சதவீதத்தினருக்கும், மரணம் 0.06 சதவீதத்தினருக்கும் நேர்ந்திருந்தது. தற்காலிகமானவை உட்பட எல்லா நரம்பியல் சிக்கல்களையும் சேர்த்தால் 2.63 சதவீதம். அந்தக் கணக்கில் இருந்தவர்களில் பலர் ஏற்கெனவே பக்கவாதம் வந்து, ரத்தநாளம் தடித்துப்போன நோயாளிகள். ரத்தநாள வீக்கம், ரத்தக்கசிவு ஆகியவற்றுக்காக ஆஞ்சியோ செய்துகொண்டவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்த 1999ஆம் ஆண்டின் தொகுப்பாய்வில், நிரந்தர நரம்பியல் பாதிப்பு 0.07 சதவீதம்தான், அதாவது பத்தாயிரம் பேரில் ஏழு பேர். அக்கா போன்றவர்களுக்குப் பொருந்தும் எண் இது. பொதுவாகச் சொல்லப்படும் ‘நூற்றில் ஒருவர்’ என்ற பேச்சைக் கேட்டு அஞ்சிக்கொண்டிருந்த எங்களுக்கு இந்த வேறுபாடு பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆறுதல் தரும் எண்ணோடு அவர் நிறுத்தவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வெளியில் எந்த அறிகுறியும் இல்லாமல், எம்.ஆர்.ஐ. படத்தில் மட்டும் தெரியும் மிகச் சிறிய புள்ளிகள் ஆஞ்சியோவுக்குப் பிறகு தோன்றுவதுண்டு. 1999இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் நூறு ஆஞ்சியோகிராம்களில் 23இல் அப்படிக் கண்டார்கள். அதே குழு பின்னர், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் காற்றை வடிகட்டும் வடிப்பானும் பயன்படுத்தினால் இந்தப் புள்ளிகள் குறைவதைக் காட்டியது. ‘உங்கள் கேத் லேபில் (ஆஞ்சியோ செய்யும் அறையில்) இதற்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று நான் கேட்டேன். அழுத்தப் பைகளில் ஹெப்பாரின் கலந்த சலைன் குழாய்க்குள் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்றும், ஒவ்வொரு முறை சாயம் ஏற்றுவதற்கு முன்பும் சிரிஞ்சைத் தட்டிக் குமிழி இருக்கிறதா என்று இருவர் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். தன் பிரிவில் ஓர் ஆண்டில் எத்தனை செய்கிறார்கள், எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்பதையும் மறைக்காமல் கூறினார். வெளிநாட்டு ஆய்வின் எண்ணை விட, நாம் படுக்கப்போகும் மேசையின் கணக்குதான் நமக்கு முக்கியம். அதைக் கேட்டால் எரிச்சல்படாத மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

எம்.ஆர்.ஏ. ஸ்கேன், அதாவது எம்.ஆர்.ஐ. கருவியிலேயே ரத்தநாளங்களைப் படமெடுப்பது, போதாதா என்பது எங்கள் தாளில் இருந்த இன்னொரு கேள்வி. அதில் குழாய் இல்லை, கதிர்வீச்சு இல்லை, பெரும்பாலும் சாயமும் தேவையில்லை. பிளாட்டினம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை என்பதால் காயில் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்வதில் ஆபத்தும் இல்லை. அவருடைய பதில் நேர்மையாக இருந்தது. வெறும் காயில் மட்டும் வைத்தவர்களுக்கு முதல் பரிசோதனையையே எம்.ஆர்.ஏ.வில் செய்யும் மையங்கள் இருக்கின்றன, அது தவறும் இல்லை என்றார். அக்காவின் வீக்கம் ஏற்கெனவே வெடித்தது என்பதாலும், சிகிச்சையின் முடிவில் வாய்ப்பகுதியில் சிறிது இடம் மீதியிருந்தது என்பதாலும், முதல் முறை மட்டும் குழாய்வழி ஆஞ்சியோவும், அதே வாரத்தில் ஒப்பீட்டுக்காக ஒரு எம்.ஆர்.ஏ.வும் எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் ஒத்துப்போனால் இனி வரும் ஆண்டுகளில் எம்.ஆர்.ஏ. மட்டுமே போதும் என்றார். ரத்தநாளத்துக்குள் விரித்து வைக்கும் வலைக் குழாய்களான ஸ்டென்ட்டோ ஃப்ளோ டைவர்டரோ வைத்தவர்களுக்கு அந்த உலோக வலை எம்.ஆர்.ஏ. படத்தை மறைப்பதால் இந்த வழி அவ்வளவு எளிதல்ல. அப்படி வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளை ‘ஆஞ்சியோ இருக்கிறதே’ என்று தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

இவ்வளவு நன்றாகத் தொடங்கியது பரிசோதனை நாளின் காலையில் தடுமாறியது. அக்காவைக் கவுன் மாற்றி, கையில் ஊசி போட்டு, சக்கர நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் ஒப்புதல் படிவம் வந்தது. ஆங்கிலத்தில், நெருக்கமான எழுத்தில், மரணம் முதல் கண்பார்வை இழப்பு வரை எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடுக்கியிருந்தார்கள். எது பத்தாயிரத்தில் ஒன்று, எது நூற்றில் நான்கு என்ற வேறுபாடு அதில் இல்லை. படிவத்தைக் கொண்டுவந்த இளைஞர் "இது ஃபார்மாலிட்டிதான், கையெழுத்துப் போடுங்க" என்றார். மருத்துவர் அவ்வளவு நேரம் செலவிட்டு ஏற்படுத்திய தெளிவை இந்தப் படிவம் சில நிமிடங்களில் குலைத்துவிட்டது. அக்காவின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். புறநோயாளி சந்திப்பின் முடிவிலேயே தமிழ்ப் படிவத்தைக் கொடுத்து, வீட்டில் படித்துக் கையெழுத்திட்டு வரச் சொல்ல எந்தத் தடையும் இருப்பதாகத் தெரியவில்லை.

அதே காலையில் கேட்கப்பட்ட ஒவ்வாமைக் கேள்விகளிலும் ஒரு குறை. மீன், இறால், நண்டு சாப்பிட்டால் ஒவ்வாமை உண்டா என்ற கேள்வி இன்னும் படிவத்தில் இருக்கிறது. அக்காவுக்கு இறால் ஆகாது. ‘அப்படியானால் டாக்டரைக் கேட்க வேண்டும்’ என்று செவிலியர் சொல்லிவிட்டுப் போனதில் ஒரு மணி நேரம் கலக்கத்தில் கழிந்தது. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம்தான், அயோடின் அல்ல. ஆஞ்சியோவில் ஏற்றும் அயோடின் சாயத்துக்கும் அதற்கும் தனித் தொடர்பு கிடையாது. முன்பு ஸ்கேனிலோ ஆஞ்சியோவிலோ சாயம் ஏற்றியபோது தடிப்பு, மூச்சுத்திணறல் வந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மருத்துவர் வந்து இதைத்தான் சொன்னார். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ஏற்பாடு சரியாக இருந்தது: சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே எடுத்துவைத்தார்கள், வேண்டிய அளவு நீர் குடிக்கவும் சலைன் ஏற்றவும் செய்தார்கள். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினை அன்றும் அடுத்த 48 மணி நேரமும் நிறுத்தச் சொன்னார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு எல்லா இடங்களிலும் இதைக் கட்டாயமாக்குவதில்லை என்றாலும், எச்சரிக்கையாக இருந்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேத் லேபுக்குள் உறவினர்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். மணிக்கட்டு வழியாகச் செய்ய முதலில் முயன்று, ரத்தநாளம் மெலிதாக இருந்ததால் தொடை இடுக்குக்கு மாறியிருக்கிறார்கள். மணிக்கட்டு வழி என்றால் ரத்தக்கசிவு குறைவு, எழுந்து உட்காரலாம், நடக்கலாம். இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதை அங்கேயே, முழு நினைவோடு இருந்த அவரிடம் சொல்லிவிட்டு மாற்றியது பாராட்டத்தக்கது. மரத்துப்போகும் ஊசி குத்திய வலியைத் தவிரப் பெரிய வலி இல்லை. சாயம் ஏறும்போதெல்லாம் முகத்தின் ஒரு பாதியிலும் கண்ணுக்குப் பின்னாலும் சூடு பரவி, மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தநாளத்தில் ஏற்றியபோது மூடிய கண்ணுக்குள் மின்னல் போல வெளிச்சம் தெறித்திருக்கிறது. "இப்ப சூடா இருக்கும்மா, மூச்சை அடக்குங்க, எச்சில் முழுங்காதீங்க" என்று ஒவ்வொரு முறையும் முன்னரே குரல் கொடுத்திருக்கிறார்கள். அந்த முன்னறிவிப்பு இல்லாவிட்டால் வெளிச்சத்தைப் பார்த்ததும் பக்கவாதம் வந்துவிட்டது என்றே நினைத்திருப்பேன் என்று அக்கா சொன்னார்.

தொடை வழியாகப் போகும் இந்த முறை பின்னால் வந்ததுதான். லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1927இல் முதன்முதலாக மூளை ஆஞ்சியோகிராம் எடுத்தபோது கழுத்து ரத்தநாளத்திலேயே சாயத்தைச் செலுத்தினார். 1953இல் ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர், ஊசி, அதன் வழியே மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழாய் என்ற முறையை வெளியிட்ட பிறகே தொடையிலிருந்து போகும் வழி நிலைபெற்றது. இன்றைக்கும் அடிப்படை அதுதான்; குழாயின் வழவழப்பும், சாயத்தின் தன்மையும், படத்தின் துல்லியமும் முன்னேறியிருக்கின்றன.

கதிர்வீச்சைப் பற்றிய எங்கள் கவலைக்கு ஒரு காரணம் இருந்தது. காயிலிங் முடிந்து சில வாரங்களில் அக்காவின் பின்தலையில் உள்ளங்கை அளவுக்கு முடி கொட்டியது, பிறகு முளைத்துவிட்டது. தோலில் படும் கதிர்வீச்சு சுமார் 3 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவைத் தாண்டினால் இப்படித் தற்காலிகமாக முடி கொட்டும், நீண்ட நேரம் பிடிக்கும் காயிலிங்கில் அது நேர்வதுண்டு, நோயறியும் ஆஞ்சியோவில் அந்த அளவை எட்டுவது அரிது என்று மருத்துவர் விளக்கினார். விளக்கம் சரி, ஆனால் அறிக்கையில் அன்றைய கதிர்வீச்சு அளவு குறிக்கப்படவில்லை. கருவி அதைத் தானாகவே பதிவு செய்கிறது. ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பில் இருக்கப்போகும் நோயாளிக்கு அந்த ஒரு வரியை எழுதிக் கொடுப்பதில் என்ன சிரமம்? நாங்கள் கேட்டபின் டெக்னீசியன் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார்.

பரிசோதனைக்குப் பிந்தைய கவனிப்புக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். மேயோ கணக்கிலும் மிக அதிகமாக நேர்ந்த சிக்கல் மூளையில் இல்லை, குழாய் நுழைந்த இடத்தில் ரத்தம் கட்டுவதுதான், சுமார் 4 சதவீதம். இதை அந்தச் செவிலியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பரிசோதனைக்கு முன்பே அக்காவின் பாதத்தின் மேற்புறத்தில் நாடி துடிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, பேனாவால் சிறு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். குழாயை எடுத்தபின் முதல் மணி நேரத்தில் கால்மணிக்கு ஒரு முறை வந்து அதே குறியில் விரல் வைத்து நாடி பார்த்தார்கள். கையைத் தூக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, பேரனின் பெயரைக் கேட்டு மூளை வேலை செய்வதையும் பார்த்தார்கள். கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது திரை இழுத்துவிட மறக்கவில்லை. "இருமல் வந்தா இந்த இடத்தைக் கையால அமுக்கிட்டு இருமுங்கம்மா, தலையைத் தூக்காதீங்க" என்று ஒரு செவிலியர் செய்து காட்டியது எந்த அச்சிட்ட தாளையும் விடப் பயன்பட்டது.

அச்சிட்ட தாள் என்று வந்ததோ முழுக்க ஆங்கிலம். வீட்டில் ரத்தம் கசிந்தால் என்ன செய்வது என்பது சுருக்கமான, தெளிவான அறிவுரை: உடனே மல்லாந்து படுத்து, அந்த இடத்தை விடாமல் பலமாக அழுத்திப் பிடித்து, நிற்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும். பேச்சு குழறுவது, கை கால் மரப்பது, பார்வை மங்குவது, கடுமையான தலைவலி, கால் குளிர்ந்து நிறம் மாறுவது ஆகியவை தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த நோயாளியிடம் இதை ஆங்கிலத்தில் கொடுத்து அனுப்புவதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நானே தமிழில் எழுதி அக்காவின் கட்டிலருகே ஒட்டினேன்.

காப்பீட்டில் பட்ட அலைச்சலையும் சொல்ல வேண்டும். ‘ஒரு நாள் அட்மிஷன்தான், கிளெய்ம் ஆகிவிடும்’ என்று முன்பதிவின்போது சொன்னார்கள். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் நிறுவனம் மறுத்துவிட்டது என்றார்கள். வெறும் பரிசோதனைக்காக மட்டும் உள்நோயாளியாகச் சேர்வது இந்தியாவின் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் ‘பரிசோதனையும் மதிப்பீடும்’ என்ற நான்காம் எண் விலக்கில் அடங்குகிறது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகான செலவு என்று கேட்கலாம் என்றால், பெரும்பாலான பாலிசிகளில் அது 60 அல்லது 90 நாளோடு முடிந்துவிடும். மறு ஆஞ்சியோ வருவதோ ஆறாம் மாதம். இது அந்தப் பிரிவுக்கு வருகிற எல்லோருக்கும் நேரும் சிக்கல் என்பதால், காப்பீட்டு மேசைக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. முன் அனுமதியை எழுத்தில் வாங்காமல் நாள் குறிக்காதீர்கள்.

முடிவு நல்லதாகவே வந்தது. மீதியிருந்த இடம் பெரிதாகவில்லை, எம்.ஆர்.ஏ. படமும் ஆஞ்சியோ படமும் ஒத்துப்போயின. அக்கா இனி எம்.ஆர்.ஏ.வுக்குத்தான் போக வேண்டும். அதற்கும் இதே மருத்துவரிடம்தான் போவோம். இந்தப் பிரிவுக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன், அலுவலகத்துக்கு இரண்டு. படங்கள் அடங்கிய சி.டி.யைக் கேட்டால்தான் தருகிறார்கள் என்பதால், ரசீது வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். அச்சடித்த ஃபிலிமில் நான்கைந்து கோணங்கள்தான் இருக்கும், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறவருக்குச் சாயம் ஓடும் முழுப் பதிவும் வேண்டும். நாங்கள் அதை இரண்டு பென் டிரைவ்களில் நகலெடுத்து, ஒன்றை அக்கா வீட்டிலும் ஒன்றை என் வீட்டிலும் வைத்திருக்கிறோம்.